முப்பது விநாடி

ஐஸ் கொம்பனிக் கணினி ஓட்டோவில் வந்தது,
மழைக்கு யூரியாப் பை போர்த்தி.
கூடவே றிபாயா.
கிண்ணியாப் பாலம் கடந்து
விடியுமுன் திருமலைக்கு வேலைக்கு வருகிறவ.
உட்துறைமுக வீதியில்
எந்த லொறிக்கு எத்தனை கட்டி என்று
அடிக்கிறது அவதான்.

"இது ரெண்டு கேக்குது" என்றா.

போட்டுப் பார்த்தேன்.
கறுப்புத் திரையில்
விண்டோஸ் பத்து.
அதற்குக் கீழே
விண்டோஸ் பத்து.
எழுத்திலோ இடைவெளியிலோ
ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.
மேலது செத்தது. கீழது உயிரோடு.
முப்பது விநாடிக்குள் யாரும் கை வைக்காவிட்டால்
தானாகவே செத்ததற்குள் போய்
ஒரு நீண்ட பிழை எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டு வருடமாம்.
நாலரைக்கு, நின்றபடியே,
கீழ் அம்புக்குறியை ஒருதரம், பிறகு என்டர்.
அந்த ஒரு விசையில் மட்டும் அம்பு தேய்ந்து
புளியங்கொட்டை போல மினுங்கியது.
மாசியில் அவவுக்கு டெங்கு.
அந்தக் கிழமைக் கணக்கெல்லாம் கொப்பியில்,
கொப்பி ஐஸ் ஈரத்தில்.
புல்மோட்டை லொறிக்கு இருபது கட்டி கூடப் போனதா இல்லையா
என்பது இன்னும் தீராத வழக்கு.

அழிக்கிறது ஒரு வரி.
எதை அழிக்கிறது என்பதுதான் வேலை.
லிங்கநகரில் ஒருவரின் மடிக்கணினியில்
உயிருள்ளதை அழித்துவிட்டு
இரவு முழுக்க விழித்திருந்தவள் நான்.
ஆகவே முதலில் பட்டியலைப் பிரதி எடுத்து
பென்டிரைவில் வைத்தேன்.
பிறகு கட்டளை.
நெளிவு அடைப்புக்குள் இரண்டு நீள இலக்கங்கள்.
ஒன்றின் எதிரே: சி.
மற்றதன் எதிரே: தெரியாது.
எந்தத் தட்டு, எந்தப் பகுதி? தெரியாது.
பழைய வன்தட்டைக் கழற்றிய பையன்
வீட்டைக் கொண்டு போயிருக்கிறான்,
விலாசத்தை விட்டுவிட்டான்.

என்றாலும் உடனே கை வைக்கவில்லை.
உயிரோடிருப்பதற்கு
ஆங்கில எழுத்தில் 'ஐஸ்' என்று பெயர் மாற்றி
மறுபடி எழுப்பினேன்.
தொட்டதும் எழும்பியது.
"உருகிப் போயிராதே?" என்று றிபாயா சிரித்தா.
வாசலில் ஒரு மான்
பிரின்டர் மை வந்த மட்டைப்பெட்டியை
மென்றுகொண்டு நின்றது.
மற்றதை அழித்தேன்.
ஆயிரத்து ஐந்நூறு சொன்னேன். ஆயிரத்து இருநூறு தந்தா.

அடுத்த நாள் நாலு முப்பத்தைந்துக்கு அழைப்பு.
பின்னால் ஐஸ் அரைக்கிற சத்தம்.
"தங்கச்சி, இது கேக்குதில்ல."
"இனிக் கேக்காது அக்கா. ஒண்டுதானே இருக்கு."
"நேரா வந்து நிக்கிது.
வெளிச்சத்தக் கண்ட உடன
லொறிக்காரனுகள் யன்னலுக்குள்ள கைய விடுறானுகள்.
அது கேட்டுக்கிட்டு இருக்கக்குள்ளதான்
நான் பிளாஸ்கத் தொறந்து
ஒரு மொடக்கு குடிக்கிற."

பின்னேரம் போனேன்.
தெரிவு ஒன்றே ஒன்றானாலும் பட்டியலைக் காட்டு
என்று சொல்வதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது.
யாருக்காக அதை எழுதி வைத்தார்களோ.
நேரம்: முப்பது.

எழுப்பிக் காட்டினேன்.
கறுப்பில் ஒற்றை வரி, ஐஸ்.
கீழே இலக்கம் இறங்கிக்கொண்டு வந்தது.
இருபத்தாறில்
அவவின் விரல் பழக்கத்தில் போய்
கீழ் அம்புக்குறியை அழுத்தியது.
போக இடமில்லை, வெளிச்சம் அங்கேயே.
இலக்கமும் நின்றுவிட்டது.

"பழுதாக்கிட்டனா?"
"இல்ல அக்கா. விசையத் தொட்டா எண்ணுறது நிண்டுடும்."
"எவ்வளவு நேரத்துக்கு?"
"நீங்க என்டர் அடிக்கும் வரைக்கும்."

இரண்டு வருடமாக, அம்பை அழுத்திய கையோடு
என்டரை அழுத்தி வந்தவ
திரையையே பார்த்தா.
வெளியே யாரோ ஹோர்ன் அடித்தான்.
றிபாயா பிளாஸ்கின் மூடியைத்
திருகத் தொடங்கினா.